மேஜையைக் கண்டால் தெலுங்கு வரும்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, "வெளிநாட்டு மொழி கற்கப் பத்து நடைமுறை யோசனைகள்" என்று எண்ணூறு வார்த்தையில் ஒரு கட்டுரை வேண்டும் என்றார். எனக்கு எந்த வெளிநாட்டு மொழியும் தெரியாதே என்றேன். அதனால் என்ன, நீங்கள் திருப்பதியில் இருக்கிறீர்கள், தமிழும் தெலுங்கும் பேசுகிறீர்கள், பிறகென்ன என்றார். அவருக்கு ஊத்துக்கோட்டையைத் தாண்டினாலே வெளிநாடு.

சரி என்று உட்கார்ந்தேன். முதல் யோசனை: தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டாவது: கூச்சப்படாதீர்கள். மூன்றாவது: வீட்டிலுள்ள பொருள்கள் மீது அந்த மொழியில் பெயர் எழுதி ஒட்டுங்கள். மூன்றாவதுக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. சித்தூர் பஸ்ஸில் எனக்குப் பழக்கமான டைட்டஸ் என்பவரை ஒரு வரிக்கு மட்டும் உள்ளே கூப்பிட்டேன். வந்தவர் உட்கார்ந்துவிட்டார். இன்னும் எழுந்திருக்கவில்லை.

கட்டுரை கேட்டால் கதை வருகிறது என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். "யோசனையாவது உள்ளே இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்கள்தான் சாட்சி.

2

ஆரம்பம் அமையவில்லை. எழுதிக் கைவிட்டவற்றை அழிக்காமல் வைத்திருக்கிறேன், என் கஷ்டமும் உங்களுக்குத் தெரியட்டும்.

"பஸ் ஜன்னலில் வழியும் மழைத்துளிகளைப் பார்த்தபடி டைட்டஸ் தொலைதூர தேசத்தை—"

[அன்று மழை இல்லை. சித்தூரில், மே மாதத்தில், மழையாம்.]

"காதலுக்கு மொழி ஏது என்பார்கள். ஆனால்—"

[இதை எழுதிய கையை நானே கிள்ளிக்கொண்டேன்.]

நடந்ததையே சொல்கிறேன். சித்தூரிலிருந்து திருப்பதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் முப்பது வயதைத் தாண்டிய ஒருவர், நகக்கண்ணெல்லாம் கிரீஸ் கறை, மடியில் ஒரு நோட்டு. பூதலப்பட்டு வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் சத்தமா பேசிக்கினு வரலாமா? தொந்தரவா இருக்குமா?"

போனில் பேசப்போகிறார் என்று நினைத்து, பேசுங்க தம்பி என்றேன். அவர் போனை எடுக்கவே இல்லை. முன் இருக்கையின் முதுகைப் பார்த்து, எனக்குப் புரியாத ஒரு மொழியில், மிக அன்பாக எதையோ விசாரித்தார். பிறகு அது பதில் சொன்னது போலத் தலையாட்டினார். மறுபடி விசாரித்தார். சந்திரகிரி வரைக்கும் இது நடந்தது. முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த பெரியவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, வேறு இடம் காலியானதும் மாறிப் போய்விட்டார்.

"இன்னா பேசினீங்க?" என்று கேட்டேன்.

"ராத்திரி நல்லா தூங்கினீங்களா, எங்கனா வலிக்குதா, மெதுவா எழுந்துக்கலாம், நான் புடிச்சிக்கினு இருக்கேன். ஜப்பான் பாஷை அக்கா."

இரண்டாம் யோசனைக்கு, அதாவது கூச்சப்படாதீர்கள் என்பதற்கு, இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது.

3

டைட்டஸைப் பற்றிச் சுருக்கமாக. வயது முப்பத்திரண்டு. சித்தூரில் பழைய மிஷன் சர்ச்சுக்குப் பின் தெருவில் வீடு. லாரிப் பட்டறையில் ஃபிட்டர். வீட்டில் அம்மா ஞானசௌந்தரி. மனைவி ஈவ்லின் நர்ஸ். பதினோரு மாதத்துக்கு முன்பு ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போனாள். ஐந்து வருட ஒப்பந்தம். அவளுக்குக் கிடைத்த விசாவில் கணவனைக் கூட்டிப்போக வழியில்லை. கணவன் வர வேண்டுமென்றால் அவனும் அதே மொழியைப் படித்து, அதே வேலைக்குத் தானே தேர்வாகி வர வேண்டும்.

ஆகவே நம் ஆள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நோட்டைத் தூக்கினார். சனிக்கிழமை மதியமும், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடும், திருப்பதிக்கு பஸ். அங்கே ஒரு பயிற்சி மையம். முதியோரைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, கூடவே மொழி.

[இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. லாரி ஃபிட்டர் இந்த வேலைக்குப் போவாரா? வாசகர் நம்புவாரா? அவரிடமே கேட்டேன். "அக்கா, கியர்பாக்ஸ தூக்கறவனுக்கு ஒரு பெரியவர தூக்கி உக்கார வெக்கறது கஷ்டமா? இன்னா ஒண்ணு, கியர்பாக்ஸ் வலிக்குதுன்னு சொல்லாது. இவங்க சொல்வாங்க. அத்த புரிஞ்சிக்கணும், அவ்ளோதான்" என்றார். என் சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.]

இப்போது மூன்றாம் யோசனை. ரேணிகுண்டா விமான நிலையத்தில், உள்ளே போவதற்கு முன், ஈவ்லின் ஒரு பாலிதீன் உறையை அவர் கையில் கொடுத்தாள். அவள் படித்த காலத்தில் எழுதிய சீட்டுகள், நூற்று நாற்பது. ஒரு பக்கம் ஜப்பானிய எழுத்து, கீழே தமிழில் உச்சரிப்பு. கதவுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, குக்கருக்கு ஒன்று.

"எல்லாத்தையும் வூட்ல ஒட்டிடுங்க. பாத்துக்கினே இருந்தா தானா வந்துடும்."

அவற்றில் ஒரு சீட்டு மட்டும் இரண்டாக மடித்திருந்தது. அவர் பிரிக்கப் போனார். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இஷ்ஷோனி. சேர்ந்துன்னு அர்த்தம். அத்த மட்டும் ஒட்டாதீங்க. இப்ப வூட்ல அதுக்கு எடம் இல்ல."

அந்தச் சீட்டை டைட்டஸ் தன் போன் உறைக்கும் போனுக்கும் நடுவே செருகி வைத்துக்கொண்டார். பஸ்ஸில் எனக்கு எடுத்துக் காட்டியபோது மடிப்பு கிழியும் நிலையில் இருந்தது. மேலே செலோடேப் போட்டிருந்தார்.

மற்ற நூற்று முப்பத்தொன்பதும் வீடெங்கும் ஏறின. பட்டறைக்கும் சீட்டு எழுதலாம் என்று அகராதியைப் புரட்டினால், ஸ்பேனருக்கு அங்கே "சுபானா" என்று போட்டிருந்தது. சுத்தியலுக்கு "ஹம்மா". பட்டறை முதலாளி ஏகாம்பரம் மேஸ்திரி இதைக் கேட்டுவிட்டு, "ஏம்பா, இதுக்கா வாராவாரம் திருப்பதிக்குப் போய்க்கினு இருக்க? நானே ஜப்பான் பேசுவேன் போல இருக்கே" என்றார். அன்றிலிருந்து பட்டறையில் யாரும் ஸ்பேனர் என்று சொல்வதில்லை. சுபானாதான்.

வீட்டில் ஞானசௌந்தரியும் இரண்டு வார்த்தை பிடித்துக்கொண்டார். "தைஜோபு" என்றால் ஒன்றும் பரவாயில்லை. "யுக்குரி" என்றால் மெதுவாக. கேஸ் சிலிண்டர் தூக்கி வருபவரிடம் "யுக்குரி, யுக்குரி" என்று சொல்கிறார். அவரும் மெதுவாகத்தான் வைக்கிறார்.

4

நாலாவது யோசனை பத்திரிகைக்காரர்கள் எதிர்பார்ப்பதல்ல. எந்தப் புத்தகத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மொழிக்கு ஒன்று, பராமரிப்பு வேலைக்கு ஒன்று என்று இரண்டு எழுத்துத் தேர்வுகளையும் டைட்டஸ் சென்னையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எழுதினார். இரண்டிலும் தேறினார். பாக்கி நேர்காணல் ஒன்றுதான். ஈவ்லின் வேலை செய்யும் இல்லத்திலிருந்தே இரண்டு பேர் திருப்பதிக்கு வந்தார்கள். ஒருவர் இயக்குநர் அம்மாள், அறுபது வயதுக்கு மேல். இன்னொருவர் இளவயதுக்காரர், கையில் காகிதக் கட்டு. கூடவே ஹைதராபாத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர், தேவைப்பட்டால் மட்டும் வாயைத் திறக்க. அவர்களுக்கு வேண்டியது இரண்டே ஆள். அப்புறம் இரண்டு வருடத்துக்கு அந்த இல்லம் யாரையும் எடுக்காது.

பயிற்சி மையத்தின் ஆசிரியை ரோஜா, நாலு வருடம் ஜப்பானில் இருந்து வந்தவள், டைட்டஸைவிட ஐந்து வயது சின்னவள், எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தாள். கதவை மூன்று முறை தட்டு. உள்ளே வரலாமா என்று கேள். குனிந்து வணங்கு. உட்காரச் சொல்லும் வரை நில். டைட்டஸ் ஒன்று பாக்கியில்லாமல் செய்தார். உட்கார்ந்தார். எதிரே நீளமான மேஜை, மேலே வெள்ளை விரிப்பு, அதற்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.

பெயரைச் சொல்லுங்கள் என்று இயக்குநர் அம்மாள் ஜப்பானிய மொழியில் கேட்டார். புரிந்தது. டைட்டஸ் வாயைத் திறந்தார்.

"நமஸ்காரமண்டி. நா பேரு டைட்டஸ். மாதி சித்தூரு."

தெலுங்கு.

அவருக்கு அது தெரியவே இல்லை. மொழிபெயர்ப்பாளருக்கோ தன்னிடம்தான் பேசுகிறார் என்று எண்ணம். சித்தூரில் எங்கே என்று அவரும் தெலுங்கிலேயே கேட்டார். மிஷன் சர்ச்சுக்குப் பின்னால் என்று டைட்டஸ் சொன்னார். அங்கே என் சித்தி மகன் இருக்கிறான் என்றார் அவர். இப்படி ஒரு நிமிடம் போல ஓடியது. இயக்குநர் அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் டைட்டஸுக்கு உறைத்தது. உறைத்ததும் படித்த அத்தனையும் பறந்துவிட்டது. மன்னிக்க வேண்டும் என்று சொல்ல நினைத்தார். "க்ஷமிஞ்சண்டி" என்று வந்தது.

இந்தத் தப்பை உலகத்தில் வேறு யாரும் செய்ய மாட்டார்கள், எங்கள் ஜில்லாத் தமிழர்களைத் தவிர. எங்களுக்கு வீடு தமிழ், சர்ச்சும் கோயிலும் தமிழ், சண்டை தமிழ். ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் யாராவது உட்கார்ந்திருந்தால் அது தெலுங்கு. ரேஷன் கார்டு, பள்ளிக்கூடம், பாங்கி, தாசில்தார் ஆபீஸ், ஆஸ்பத்திரி, எல்லாம் மேஜை, எல்லாம் தெலுங்கு. டைட்டஸுக்கு ஆறு வயதில் அவருடைய அப்பா சாந்தகுமார் சாதிச் சான்றிதழ் வாங்கக் கூட்டிப்போனபோது, வாசலில் நிறுத்தி, "நைனா, டேபிள் எதிர்ல நின்னா தெலுங்குல பேசணும், அப்பதான் வேலை ஆவும்" என்று சொன்னாராம். இருபத்தாறு வருடம் வேலை ஆகிக்கொண்டே இருந்தது. யோசித்துப் பேசினால்தானே தடுக்க முடியும்? மேஜையைக் கண்டதும் வாய் தானாகத் திறக்கிறது.

[என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்: சென்னையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் மேடை மேஜைக்கு எதிரே நின்று, "பாக உன்னாரா" என்று தலைவரை நான் நலம் விசாரித்ததுண்டு.]

5

அன்று வீடு திரும்பி, மதியம் ஒன்றரை மணிக்கு, அங்கே ஈவ்லினுக்கு மாலை ஐந்து மணித் தேநீர் நேரம், டைட்டஸ் போன் செய்தார். தினமும் செய்வதுதான். இங்கே இவர் ஒரு டீ, அங்கே அவள் ஒரு டீ.

[முதல் பிரதியில் ஈவ்லின் அழுதாள் என்று எழுதியிருந்தேன். டைட்டஸ் படித்துவிட்டு, "அழல அக்கா, சிரிச்சா" என்றார். திருத்திவிட்டேன்.]

அவள் சிரித்தாள். மொழிபெயர்ப்பாளரின் சித்தி மகன் வந்த இடத்தில் மூச்சு முட்டிச் சிரித்தாள். டைட்டஸும் சிரித்தார்.

"அப்ப இன்னும் ரெண்டு வருசமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் புரியல ஈவி. எல்லாம் தெரிஞ்சிக்கினுதான் போனேன். வாயில வரல."

"டீ ஆறிப் போயிடுச்சி. வெச்சிடறேன்."

டைட்டஸ் அந்த டீயைக் குடிக்கவில்லை என்று அவருடைய அம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். பட்டறைக்குத் திரும்பிப் போய் ஒரு டயரைக் கழற்றி, கழற்றத் தேவையில்லாத டயர் அது, மறுபடி மாட்டினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். இரண்டு வாரம் கழித்து ரோஜா கூப்பிட்டாள். தேர்வான இருவரில் ஒரு பெண் பெங்களூரில் வேறு வேலை கிடைத்து விலகிவிட்டாள். ஓர் இடம் காலி. அந்த இயக்குநர் அம்மாளே அடுத்த மாதம் மறுபடி வருகிறார்.

"அண்ணா, உங்களுக்கு பாஷை வராம இல்ல. டேபிள்தான் வரல" என்றாள் ரோஜா.

6

நாலாவது யோசனை, ஆசிரியர் அவர்களே, இதோ: எந்த மொழி உங்கள் வாயில் முந்திக்கொண்டு வருகிறது, எந்த இடத்தில் வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

ஐந்தாவது யோசனை: அந்த இடத்திலேயே போய்ப் பழகுங்கள். இதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஏனென்று பாருங்கள்.

டைட்டஸ் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டார். வெள்ளை வேட்டி ஒன்றை விரித்தார். அம்மாவை அந்தப் பக்கம் உட்கார வைத்து, ஜப்பான் இயக்குநர் மாதிரி கேள்வி கேட்கச் சொன்னார். ஞானசௌந்தரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "நீ பேரேமி?" என்று பெயர் கேட்டார்.

"அம்மா, ஜப்பான் அம்மா தெலுங்குல கேக்க மாட்டாங்க."

"டேபிள் போட்டு உக்கார வெச்சா எனக்கும் அதான்டா வருது."

ஏகாம்பரம் மேஸ்திரி பட்டறையில் இரண்டு டிரம் மேல் பலகை போட்டு மேஜையாக்கினார். லாரி டிரைவர்கள் டீ குடித்துவிட்டு ஆளுக்குப் பத்து நிமிடம் அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். முறைத்துப் பார்த்தார்கள். தொண்டையைச் செருமினார்கள். ஒருவர் உண்மையான அதிகாரி போலவே இன்னொரு நாள் வா என்று சொல்லி எழுந்து போய்விட்டார். டைட்டஸ் தினமும் முப்பது தடவை பெயரைச் சொன்னார். மூன்று வாரத்தில் தெலுங்கு பின்வாங்கத் தொடங்கியது.

பிறகு ஒருநாள் வருமானச் சான்றிதழ் விஷயமாக வார்டு சச்சிவாலயத்துக்குப் போனார். அதுதான் எங்கள் பக்கத்தில் எல்லாச் சான்றிதழும் தரும் ஆபீஸ். வாசலில் மூன்று முறை தட்டினார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஊழியர் நிமிர்ந்தார். டைட்டஸ் இடுப்பு வரை குனிந்து, "ஷிட்சுரெய் ஷிமஸ்", அதாவது மன்னிக்கவும், உள்ளே வருகிறேன், என்று சொல்லி, தன் பெயர், ஊர், வயது, பொழுதுபோக்கு அனைத்தையும் சுத்தமான ஜப்பானிய மொழியில் ஒப்பித்தார். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். ஊழியர் நல்ல மனிதர். தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டி, "ஏமய்யா, ஒண்ட்லோ பாகலேதா?" என்று கேட்டார். உடம்பு சரியில்லையா என்று.

டைட்டஸுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. சான்றிதழை வாங்காமலே வெளியே ஓடி வந்து ஈவ்லினைக் கூப்பிட்டார். வேலை நேரம், அவள் எடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

ஆனால் அதே சனிக்கிழமை, பயிற்சி மையத்தில் ரோஜா உண்மையான மேஜை போட்டு, கோட்டு போட்ட ஒருவரை உட்கார வைத்துச் சோதித்தபோது, முதல் வாக்கியம் ஜப்பானிய மொழி, இரண்டாவது தெலுங்கு, மூன்றாவது எந்த மொழி என்று யாருக்கும் தெரியவில்லை. நேர்காணலுக்கு ஆறு நாள் இருந்தது.

[இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். எனக்கு வழி தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. ஆசிரியர் தினமும் போன் செய்துகொண்டிருந்தார்.]

7

வழியைச் சொன்னது ஈவ்லின். அதுவும் வழி சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. வழக்கமான டீ நேரத்தில், டைட்டஸ் மேஜை மேஜை என்று புலம்பிக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் எரிச்சலோடு சொன்னாள்.

"இன்னாங்க எப்ப பாரு டேபிள் டேபிள்னு. நான் இங்க வந்து பதினோரு மாசம் ஆவுது, ஒரு டேபிளுக்கு எதிர்லயும் நின்னது இல்ல. எல்லாம் கட்டில் பக்கத்துல. அவங்க மூஞ்சிக்கு நேரா ஒக்காந்து பேசணும், நின்னுக்கினு பேசக் கூடாது. உங்களுக்கு அது நல்லாத்தான வருது? பஸ்ல முன்சீட்டு முதுகுகிட்டவே பேசிக்கினு போறீங்களே."

டைட்டஸ் டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

ஆறாவது யோசனை: அந்த மொழியை எங்கே, யாரிடம் பேசப்போகிறீர்களோ அந்த இடத்தின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். கட்டில் ஓரத்துக்கு ஒரு பேச்சு, கடைக்கு ஒரு பேச்சு, சமையலறைக்கு ஒரு பேச்சு. மொத்த மொழியையும் யாரும் கற்றதில்லை. எனக்குத் தமிழே முழுசாகத் தெரியாது.

(ஏழு முதல் பத்து வரை யோசனைகள் என்னிடம் இல்லை. தேவைப்படுபவர்கள் முதல் யோசனையை ஐந்து முறை செய்யலாம்.)

8

இப்போது இரண்டாவது நேர்காணல். இதற்கு நான் மூன்று பிரதி எழுதினேன்.

பிரதி ஒன்று. டைட்டஸ் உள்ளே போகிறார். மேஜைக்கு எதிரே உட்காருகிறார். அருவி போல ஜப்பானிய மொழி கொட்டுகிறது. எல்லாரும் எழுந்து கை—

[இல்லை. நீங்களும் நம்ப மாட்டீர்கள், ஏகாம்பரம் மேஸ்திரியும் நம்ப மாட்டார்.]

பிரதி இரண்டு. டைட்டஸ் எழுகிறார். மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறார். இயக்குநர் அம்மாளின் நாற்காலி அருகே ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்து, அவர் கண்ணுக்கு நேராகப் பார்த்து—

எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. டைட்டஸுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அரை மணியில் போன் வந்தது.

"அக்கா, நான் முட்டி போடல. அப்டி போட்டிருந்தா அவங்க பயந்து போய் போலீஸ கூப்ட்டிருப்பாங்க. சேரைத்தான் நவுத்தினேன்."

"முட்டி போட்டா நல்லா இருக்கே தம்பி, கதைக்கு."

"ஈவி படிப்பாளே அக்கா. அப்புறம் தெனமும் கிண்டல் பண்ணுவா."

ஆகவே பிரதி மூன்று, நடந்தது. மூன்று முறை தட்டினார். வணங்கினார். அதே மேஜை, அதே வெள்ளை விரிப்பு. தொண்டை வரை தெலுங்கு வந்து நின்றது. அவர் வாயைத் திறக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் பழைய நண்பரைக் கண்டது போலச் சிரித்தார். டைட்டஸ் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

நின்றபடியே, ரோஜாவிடம் முந்தின நாள் கேட்டு மனப்பாடம் செய்திருந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாமா? இளவயதுக்காரர் புருவத்தை உயர்த்தினார். இயக்குநர் அம்மாள் கையால் இடம் காட்டினார். டைட்டஸ் நாற்காலியைத் தூக்கி மேஜையின் மூலையைத் தாண்டி, அவருக்குப் பக்கவாட்டில், ஒரு கை தூரம் விட்டுப் போட்டு உட்கார்ந்தார். இப்போது இருவருக்கும் நடுவே மேஜை இல்லை. அறுபது வயது தாண்டிய ஓர் அம்மாள் இருந்தார், அவ்வளவுதான்.

ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டார். ஜப்பானிய மொழியில்.

அந்த அம்மாள் ஒரு கணம் திகைத்தார். பிறகு, இல்லை என்றார். ஏசி சத்தம். எங்காவது வலிக்கிறதா என்று டைட்டஸ் கேட்டார். முழங்கால் என்றார் அம்மாள். நேற்று கோயில் வரிசையில் ரொம்ப நேரம் நின்றேன். எந்தக் கால் என்று இவர் கேட்டார். இடது கால். அப்படியானால் எழுந்திருக்கும்போது என்னிடம் சொல்லுங்கள், யுக்குரி, மெதுவாக எழுந்துகொள்ளலாம். அப்புறம் பேச்சு வளர்ந்தது. லாரி பற்றிக் கேட்டார்கள். சுபானா பற்றிச் சொன்னபோது இளவயதுக்காரர் காகிதக் கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எங்கள் இல்லத்தில் ஈவ்லின் என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள், தெரியுமா என்று அம்மாள் கேட்டார். தெரியும் என்று டைட்டஸ் சொன்னார். அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை. எந்த மொழியிலும் வரவில்லை.

பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. முடிவை நாளை மதியம் சொல்கிறோம் என்றார்கள். இயக்குநர் அம்மாள் எழுந்தார். டைட்டஸ் கை நீட்டினார். அவர் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

9

மறுநாள் மதியம் இந்தப் பகுதியைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். "முடிவு வரும் வரை டைட்டஸ் பட்டறைக்குப் போகாமல்—" என்ற இடத்தில் போன் அடித்தது.

திருப்பதி பஸ் நிலையத்துச் சத்தம். கண்டக்டர் சித்தூரு, சித்தூரு என்று கூவிக்கொண்டிருந்தார். டைட்டஸ் மூச்சு விடாமல் பேசினார். முழுக்க ஜப்பானிய மொழி.

"தம்பி, தமிழ்ல சொல்லுங்க. இன்னா சொன்னாங்க?"

மறுபடி ஜப்பானிய மொழிதான். வாய் நிற்கவில்லை அவருக்கு. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்தது போல இருந்தது. மொழி கற்பது பற்றிப் பத்து யோசனை எழுத வந்த நான், அத்தனையும் கேட்டுக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை எனக்குப் பிடிபட்டது. அதை அவர் இரண்டு முறை சொன்னார்.

"இஷ்ஷோனி, அக்கா. இஷ்ஷோனி."

பிறகு போன் கட்டாகிவிட்டது.

10

ஆசிரியர் போன் செய்தார். முடிவு எங்கே, வேலை கிடைத்ததா இல்லையா, வாசகர்கள் கேட்பார்களே என்றார். நான் எழுத மாட்டேன் என்றேன். டைட்டஸ் எனக்குத் தமிழில் சொல்லவில்லை, நான் மட்டும் ஏன் தமிழில் சொல்ல வேண்டும்?

சாயங்காலம் ஒரு புகைப்படம் வந்தது. அதை உங்களுக்குக் காட்டப்போவதில்லை. ஓரத்தில் ஞானசௌந்தரியின் கட்டைவிரல் பாதிப் படத்தை மறைத்திருந்தது, மீதிப் பாதியின் அடியில் இரண்டு சின்னச் சக்கரங்கள் தெரிந்தன என்று மட்டும் சொல்கிறேன். மடித்து வைத்திருந்த அந்தச் சீட்டைப் பிரித்திருந்தார்கள். செலோடேப் மடிப்பு தெரிந்தது. ஒட்டியிருந்தார்கள்.

மொழிப் புத்தகங்கள் ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் ஒரு பயிற்சி தரும். இதுவரை வந்தவர்களுக்கு அதைச் செய்யத் தெரியும். பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோடிட்ட இடத்தை நிரப்புக:

"இஷ்ஷோனி" என்ற சீட்டு இப்போது டைட்டஸின் ____________ மேல் ஒட்டியிருக்கிறது.